செமி ஆட்டோவா, ஃபுல்லி ஆட்டோவா: காவேரிப்பட்டணம் லேப்புக்கு எது சரி?

போன வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து என் மச்சினன் போன் பண்ணினான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்பது வருஷமாகச் சின்ன லேப் வைத்திருக்கிறான். ரத்த டெஸ்ட் போடும் அனலைசர் மிஷின் வாங்க, மேஜையில் மூன்று கொட்டேஷன் விரித்துப் போட்டிருக்கிறானாம்.

"மாமா, இது மணிக்கு 200 டெஸ்ட் போடுமாம். வாங்கிடலாமா?"

"உன் போர் தண்ணியில உப்பு, அதான் டி.டி.எஸ்., எவ்வளவு?" என்றேன்.

"தண்ணிக்கும் மிஷினுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

அதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அவனைப்போல ஒரு செமி ஆட்டோ அனலைசரை (சாம்பிளைக் கையால் கலந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தால் படிக்கும் மிஷின்; கலப்பதையும் தானே செய்வது ஃபுல்லி ஆட்டோ) வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர்கள் பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, பர்கூர் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். தருமபுரியில் 20 வருஷத்துக்கு மேல் பயோகெமிஸ்ட்ரி மேஜையில் உட்கார்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்டும் இல்லை.

அவன் முன்னால் ஐந்து வழி இருக்கிறது. இன்னொரு செமி ஆட்டோ சேர்ப்பது. சின்ன ஃபுல்லி ஆட்டோவைச் சொந்தமாக வாங்குவது. அதே மிஷினை ரீஏஜென்ட் ரென்டலில், அதாவது டெஸ்டுக்கான ரசாயனத்தை (ரீஏஜென்ட்) அந்தக் கம்பெனியிடமே வாங்கும் நிபந்தனையில், எடுப்பது. தண்ணீரே வேண்டாத டிரை கெமிஸ்ட்ரிக்குப் போவது. எல்லாச் சாம்பிளையும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பிவிடுவது.

முதலில் ஒரு கணக்கு. அவனுக்கு ஒரு நாளைக்கு 45 பேர் வருகிறார்கள் என்றான். நான் தலையை எண்ணச் சொல்லவில்லை, கைனடிக் டெஸ்டை எண்ணச் சொன்னேன். சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் எண்ட் பாயிண்ட், நிறம் மாறி முடிந்த பிறகு ஒரே முறை படிப்பது. நாற்பது டியூபையும் ஒன்றாக 37 டிகிரி பிளாக்கில் வைத்துப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தால், ஒவ்வொன்றையும் படிக்கச் சில நொடிதான். கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்படேஸ் போன்ற கைனடிக் டெஸ்டுகள் அப்படியில்லை. சாம்பிள் மிஷினின் ஃப்ளோ செல்லுக்குள் (நிறத்தைப் படிக்கிற சின்ன அறை) போன பிறகு ஒரு நிமிஷம் காத்திருந்து, அப்புறம் மூன்று நிமிஷம் நிறம் மாறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். அந்த நாலு நிமிஷமும் மிஷின் வேறு எதையும் தொடாது. எல்.எஃப்.டி. என்கிற கல்லீரல் டெஸ்ட் 15 பேருக்கு என்றால் இந்த மூன்று டெஸ்டுக்கு மட்டும் 180 நிமிஷம். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் வைத்து 25 பேருக்கு இன்னொரு 50 நிமிஷம். ஆக, காலை ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பித்தால் கடைசி ரிப்போர்ட் பன்னிரண்டு மணிக்கு. வேப்பனப்பள்ளியிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்தவர் டாக்டரைப் பார்க்காமலே திரும்பிப் போவார். அவசரத்தில் சிலர் அந்த மூன்று நிமிஷத்தை ஒரு நிமிஷமாக வெட்டிவிடுவதும் எனக்குத் தெரியும். அதை இங்கே விரிவாகப் பேச மனமில்லை.

கைனடிக் டெஸ்ட் நாளுக்கு இருபதுக்குள் நிற்கிற லேப்பாக இருந்தால் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். நல்ல செமி ஆட்டோ ஒன்று, பழையது ஒன்று, கை நடுங்காத டெக்னீசியன் ஒருவர் போதும். மச்சினன் அந்தக் கோட்டைத் தாண்டி ரொம்ப நாளாயிற்று.

இந்த நெரிசல் நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்த லியோனார்ட் ஸ்கெக்ஸ் இதே தொல்லைக்குத்தான் வழி தேடினார். அவர் செய்த மிஷினை 1957ல் டெக்னிகான் கம்பெனி ஆட்டோ அனலைசர் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது. ஒரே மெல்லிய குழாய். அதில் ஒருவர் சீரத்துக்கு, அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீருக்கு, பின்னால் அடுத்தவர் சீரம் ஓடும். இரண்டும் கலக்காமலிருக்க இடையிடையே காற்றுக் குமிழி விட்டார். நல்ல லேப்காரர் எல்லோரும் குமிழியை விரட்டிக்கொண்டிருந்தபோது அவர் அதையே தடுப்புச்சுவராக வைத்தார். குழாயை அமுக்கி அமுக்கித் தள்ளும் பம்பும், ஓடுகிற திரவத்தை அப்படியே படிக்கிற ஃப்ளோ செல்லும் இன்றைக்கும் மச்சினன் மேஜையில் இருக்கும் செமி ஆட்டோவுக்குள் இருக்கின்றன. குமிழிதான் இல்லை. அதனால்தான் 400 சுகர் படித்த கையோடு 70 சுகரை உறிஞ்சினால் முன்னவரின் மிச்சம் பின்னவர் கணக்கில் ஏறுகிறது; நடுவில் ஒரு முறை தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்கிறோம்.

டெக்னிகான் அப்புறம் எஸ்.எம்.ஏ. 12/60 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மணிக்கு 60 சாம்பிள், ஒவ்வொன்றிலும் 12 டெஸ்ட். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாலும் பன்னிரண்டும் போட்டுவிடும், குழாய் அமைப்பு அப்படி. இப்போது நெடுஞ்சாலை ஓரமெல்லாம் தொங்கும் 'ஃபுல் பாடி செக்கப்' பேனரைப் பார்க்கும்போது எனக்கு அந்த மிஷின் ஞாபகம்தான் வரும்.

ஓடும் குழாயை விட்டு, ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனிக் கிண்ணம் என்ற யோசனையும் கூடவே வளர்ந்தது. 1960களின் கடைசியில் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் நார்மன் ஆண்டர்சன் குழு, சுழலும் சக்கரத்தில் கிண்ணங்களை வைத்து எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் படிக்க வழி கண்டது. இன்றைய ஃபுல்லி ஆட்டோவைத் திறந்து பார்த்தால் நடுவில் சுற்றுவது குவெட் என்ற சின்னக் கிண்ணங்களின் சக்கரம். மணிக்கு 200 என்பதன் ரகசியம் அதுதான். மிஷின் ரசாயனத்தை வேகப்படுத்துவதில்லை. எஸ்.ஜி.பி.டி.க்கு அதுவும் பல நிமிஷம் எடுத்துக்கொள்கிறது, முதல் ரிசல்ட் வரப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஒரு குவெட் நிறம் மாறிக்கொண்டிருக்கும்போதே ஐம்பது குவெட் பின்னால் வரிசையில் நிற்கும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாவற்றையும் ஒரு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். மச்சினனின் நாலு மணி நேரம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவது இப்படித்தான். விளம்பரத் தாளில் மணிக்கு 400 என்று பெரிதாகப் போட்டிருந்தால், சோடியம் பொட்டாசியம் பார்க்கும் எலக்ட்ரோடு டெஸ்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பாதி நேரம் அப்படித்தான் இருக்கும்.

ஃபுல்லி ஆட்டோ பக்கம் சாய வேகத்தைவிடப் பெரிய காரணம் கை. செமி ஆட்டோவில் 10 மைக்ரோ லிட்டர் சீரம், 1,000 மைக்ரோ லிட்டர் ரீஏஜென்ட். பைப்பட் முனையின் வெளிப்புறம் ஒட்டிய ஒரு துளியைத் துடைக்க மறந்தாலே ஒரு மைக்ரோ லிட்டர் கூடிப்போகும். அது பத்து சதவீதம். வெறும் வயிற்றுச் சுகர் 126ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துகிற ஊரில், 116 உள்ளவரை 127 ஆக்கிவிட அந்தத் துளி போதும். காலை ஏழு மணிக்கு என் கை ஒரு மாதிரி, பதினொன்றுக்கு வேறு மாதிரி. மிஷினின் ஊசி இரண்டு வேளையும் ஒரே மாதிரி.

ஆனால் அந்த ஊசிக்கு ஒரு குணம் உண்டு. கை தப்பினால் ஒருவருக்குத் தப்பும், ஊசி தப்பினால் நாற்பது பேருக்கும் தப்பும். அதுவும் நேர்த்தியாக, பிரிண்ட் எடுத்து, பார்கோடு ஒட்டித் தப்பும். எங்கள் லேப்பில் ஒரு நாள் காலை வரிசையாகப் பன்னிரண்டு பேருக்குக் கால்சியம் 11க்கு மேல் வந்தது. ஊருக்கே கால்சியத்தை ஆளும் பாராதைராய்டு சுரப்பி வீங்கிவிட்டதா என்ன? முதல் ஐந்து ரிசல்டை நம்பியேவிட்டேன். ஆறாவது ஆள் எங்கள் ஆபீஸ் பையன், நல்ல திடமான ஆள். அப்போதுதான் உறைத்தது. அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளைப் போட்டுப் பார்த்தால் அதுவும் ஏறியிருந்தது. கோளாறு மிஷினிலும் இல்லை, ரீஏஜென்டிலும் இல்லை. தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்.ஓ. மெம்பரேன் போயிருந்தது; தண்ணீரின் கால்சியம்தான் ரிசல்டில் ஏறியது.

மச்சினனிடம் தண்ணீரைக் கேட்டதற்குக் காரணம் இதுதான். ஃபுல்லி ஆட்டோ ஒவ்வொரு டெஸ்டுக்குப் பிறகும் குவெட்டைக் கழுவுகிறது, ஊசியை உள்ளும் புறமும் கழுவுகிறது, சாம்பிளையும் ரீஏஜென்டையும் தண்ணீரைக் கொண்டே தள்ளுகிறது. மணிக்குப் பல லிட்டர் போகும். நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும், நமக்கு வேண்டாம். பல்லில் பழுப்புக் கோடு போட்ட ஃபுளோரைடு தண்ணீர். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013ல் திறக்கப்பட்டது. இப்போது பல லேப்பில் ஒரு நாள் காவிரித் தண்ணீர், மறுநாள் போர் தண்ணீர். தொட்டி ஒன்றுதான். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது ஆர்.ஓ. மெம்பரேனை அரிக்கும், முன்னால் கார்பன் ஃபில்டர் வேண்டும். போர் தண்ணீரில் சுண்ணாம்பு, அது மெம்பரேனை அடைக்கும். முன்னால் சாஃப்ட்னர் வேண்டும். இரண்டும் மாறி மாறி வந்தால் இரண்டும் வேண்டும். கடைசியில் மிச்ச உப்பையும் எடுக்கும் ஒரு டீஅயனைசர் உருளையும் வேண்டும்.

வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வை மாட்டி, பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டரை நனைத்து, "சைபர் காட்டுது சார்" என்று சொல்லிப் போன டீலரைப் பார்த்திருக்கிறேன். ஆய்வகத் தண்ணீரின் மின்தடைத்திறன் 10 மெகா ஓம்-சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். கண்டக்டிவிட்டியில் (மின்சாரத்தைக் கடத்தும் அளவு) சொன்னால் சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோ சீமென்ஸுக்கு மேல் போகக்கூடாது. பேனா மீட்டருக்கு அந்த அளவெல்லாம் கண்ணில் படாது. அதோடு, டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் இரண்டே நாளில் பாக்டீரியா வளரும். சில பாக்டீரியா ஆல்கலைன் பாஸ்படேஸைக் கக்கும். ஃபுளோரோசிஸில் எலும்பு பாதித்து அதே டெஸ்டுக்கு வருகிறவர்கள் நம்மிடம் உண்டு. அவர்கள் எண் எலும்பிலிருந்து வந்ததா, டிரம்மிலிருந்து வந்ததா என்று யார் பிரித்துச் சொல்வது?

இந்த ஃபுளோரைடுக்கு இன்னொரு முகம். தண்ணீரில் வந்து பல்லைக் கெடுப்பதே சாம்பல் நிற மூடி டியூபில் சோடியம் ஃபுளோரைடாக இருந்து நம் சுகர் ரிப்போர்ட்டைக் காப்பாற்றுகிறது. ரத்த அணுக்கள் டியூபுக்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஃபுளோரைடு அப்படிச் சர்க்கரையைச் சிதைக்கும் என்சைமைக் கட்டிப்போடுகிறது. யூரியா டெஸ்டுக்கு வேண்டிய யூரியேஸ் என்சைமையும் அது கட்டிப்போடும், அதனால் யூரியாவை அதே டியூபில் பார்க்கக் கூடாது. ஃபுல்லி ஆட்டோ வந்ததும் "ஒரே டியூபில் எல்லாம்" என்ற சோம்பல் வரும். மச்சினனுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

சாம்பிளை வெளியே அனுப்பும் வழிக்கும் இதே கணக்குதான் முட்டுக்கட்டை. பைக் பையன் பதினொரு மணிக்கு வந்து எடுத்து, தொப்பூர் இறங்கி சேலம் போய்ச் சேருவதற்குள், சென்ட்ரிஃபியூஜில் பிரிக்காத ரத்தத்தில் சுகர் இறங்கும், பொட்டாசியம் ஏறும். தைராய்டு, வைட்டமின், மாதத்துக்கு மூன்று வருகிற அபூர்வ டெஸ்டுகளுக்கு அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். காலை சுகரையும் கிரியாட்டினினையும் பஸ் ஏற்றுவது லேப்பை மூடிவிட்டு கலெக்‌ஷன் சென்டர் நடத்துவதற்குச் சமம்.

டிரை கெமிஸ்ட்ரியைக் கோடாக் கம்பெனி 1970களின் கடைசியில் கொண்டுவந்தது. போட்டோ ஃபிலிமில் அடுக்கடுக்காக ரசாயனம் பூசத் தெரிந்தவர்கள், அதே கைத்திறனில் தபால் தலை அளவு ஸ்லைடில் ரீஏஜென்டை உலர வைத்தார்கள். ஒரு சொட்டு சீரம் மேல் அடுக்கில் பரவி இறங்கும், கீழே தெரியும் நிறத்தை மிஷின் படிக்கும். தண்ணீர் இல்லை, வடிகால் இல்லை, குவெட் கழுவல் இல்லை. நம் ஊர் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது என்று எனக்கு ஒரு காலத்தில் தோன்றியது. ஸ்லைடு விலையைக் கேட்டதும் தெளிந்தது. ஒரே கம்பெனி ஸ்லைடுதான் அதில் போகும், குளிர்ச்சங்கிலி அறாமல் வந்து சேர வேண்டும். ராத்திரி எமர்ஜென்சி பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நன்றாகப் பொருந்தும். சுகருக்கு ஊர் கொடுக்கிற காசில் ஓட்டும் லேப்புக்குக் கட்டாது.

இனி ரென்டல். பேச்சு இனிக்கும்: "மிஷினுக்கு ஒரு பைசா வேண்டாம் சார், எங்க ரீஏஜென்ட் மட்டும் வாங்குங்க." மாதத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு வாங்கியே ஆக வேண்டும் என்ற வரி மூன்றாம் பக்கத்தில் இருக்கும். பாட்டிலில் சிப், வேறு கம்பெனி பாட்டில் வைத்தால் மிஷின் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் கூட்டம் குறைந்தாலும், டாக்டர் ஒரு மாதம் ஊரில் இல்லாவிட்டாலும், பில் குறையாது. எனக்குத் தெரிந்த ஒரு லேப்பில் காலாவதியாகப் போகும், கணையத்துக்குப் பார்க்கிற அமிலேஸ் கிட்டை வீணாக்க மனமில்லாமல் எல்லோருக்கும் அமிலேஸ் போட்டார்கள். பெரிய நர்சிங் ஹோமோடு ஒட்டிய, மாதக் கணக்கு ஆடாத லேப்புக்கு ரென்டல் லாபம்தான். மிஷின் படுத்தால் அது கம்பெனி தலைவலி. தனி லேப்புக்கு நான் சொல்ல மாட்டேன்.

சொந்தமாக வாங்கும் ஓபன் சிஸ்டத்தில் யார் ரீஏஜென்டையும் வைக்கலாம். செலவு இங்கேதான் மிச்சமாகிறது. செமி ஆட்டோவில் ஒரு டெஸ்டுக்கு 500 முதல் 1,000 மைக்ரோ லிட்டர் ரீஏஜென்ட் போகிற இடத்தில் இதற்கு 200, 250 போதும். 100 மில்லி கிட்டில் 100 டெஸ்ட் போட்டவன் 400 போடலாம் என்று டீலர் கணக்கு எழுதுவார். அதை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் அடியில் ஊசிக்கு எட்டாமல் நிற்பது, கேலிபரேஷன், தினசரி கன்ட்ரோல், ரிப்பீட் என்று கழித்தால் 300 நிற்கும். அதுவே பெரிய விஷயம். அபூர்வ டெஸ்டுகளில் இது தலைகீழ்: திறந்த பாட்டில் மிஷினுக்குள் சில வாரம்தான் தாங்கும், நாலு பேருக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்ட வேண்டியதுதான்.

ஒரே ஊசி எல்லா ரீஏஜென்டையும் எடுக்கிற சின்ன மிஷின்களில் டெஸ்ட் வரிசையையும் பார்க்க வேண்டும். டிரைகிளிசரைடு ரீஏஜென்டில் லைபேஸ் என்சைமே ஒரு சரக்கு. அதை எடுத்த ஊசி அடுத்து லைபேஸ் டெஸ்டுக்குப் போனால் கணையம் கெட்டுவிட்ட மாதிரி எண் வரும். நல்ல சாஃப்ட்வேரில் இந்த ஜோடிகளைப் பிரித்து வைக்க வசதி உண்டு. டெமோவின்போது அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவர் சர்வீஸுக்கும் வரமாட்டார்.

கரன்ட், ஏ.சி. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரீஏஜென்ட் அறையின் குளிர்ச்சிக்கு ராத்திரியும் கரன்ட் வேண்டும், ஓட்டத்தின் நடுவில் நின்றால் சக்கரத்தில் இருந்த அத்தனையும் போச்சு. ஆன்லைன் யு.பி.எஸ். இல்லாமல் மிஷினைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஓசூர்க்காரர்களுக்கு ஏ.சி. செலவு கொஞ்சம் குறையும். சர்வீஸ் விஷயத்தில் அவர்களுக்கும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. பெங்களூர் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் டீலர் எல்லை மாநிலக் கணக்கில் ஓடினால், இன்ஜினியர் சேலத்திலிருந்தோ கோவையிலிருந்தோதான் வருவார்.

கடைசியாக ஒன்று. ஃபுல்லி ஆட்டோ வாங்கினால் குவாலிட்டி கன்ட்ரோலுக்கு மாதா மாதம் தனியாகப் பணம் எடுத்து வைக்க முடியுமா? தினமும் காலையில் நார்மல், அப்நார்மல் இரண்டு கன்ட்ரோல். அதை, கன்ட்ரோல் நாளுக்கு நாள் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் லீவி ஜென்னிங்ஸ் வரைபடத்தில் குறிப்பது. 1950ல் வந்த வரைபடம்தான், இன்றைக்கும் அதைவிட எளிதாக எதுவும் இல்லை. எவ்வளவு விலகினால் ரிசல்டை நிறுத்த வேண்டும் என்று வெஸ்ட்கார்ட் 1981ல் கொடுத்த விதிகளை மிஷினே பார்த்துக்கொள்ளும், நீங்கள் அலாரத்தை அமுக்காமல் இருந்தால். வெளித் தரச்சோதனைக்கு வேலூர் சி.எம்.சி. திட்டத்தில் சேரலாம். அவர்கள் அனுப்பும் சாம்பிளைப் போட்டு அனுப்பினால் நாட்டில் மற்ற லேப்புகளோடு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். என் கால்சியம் பன்னிரண்டு பேருக்குத் தப்பியதற்கு மெம்பரேன் பாதிக் காரணம். அன்று கன்ட்ரோலை முதலில் போடாமல் ஆட்களை முதலில் போட்டது மீதிப் பாதி.

மச்சினனுக்கு நான் சொன்ன முடிவு இது. சின்ன ஓபன் சிஸ்டம் ஃபுல்லி ஆட்டோ, சொந்தமாக. கிரியாட்டினினுக்கு மாக்ஸ் ஜாஃபே 1886ல் கண்டுபிடித்த பிக்ரிக் அமில வினையே அதிலும் ஓடும், அது போதும். மஞ்சள் காமாலை சாம்பிள்களுக்கு மட்டும் என்சைம் முறைக் கிட் ஒன்று. மெயின்டனன்ஸ் ஒப்பந்தத்தில் லாம்ப், குவெட், ஊசி மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்பது எழுத்தில் வேண்டும், வாயில் வேண்டாம். இன்ஜினியர் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதும் எழுத்தில்.

"பழைய செமி ஆட்டோவை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறாங்களாம் மாமா, பதினஞ்சாயிரம் குறைப்பாங்களாம்."

"கொடுக்காதே. புதுசு படுக்கிற அன்னிக்கு அதுலதான் சுகர் போடுவே."

மிஷினுக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. இந்த வாரம் பிளம்பரை வரவழைத்துக் காவிரிக் குழாயையும் போர் குழாயையும் தனித்தனித் தொட்டிக்குப் பிரித்துக்கொண்டிருக்கிறான். கண்டக்டிவிட்டி மீட்டர் ஒன்றுக்கு ஆர்டர் போட்டாயிற்று. அது வந்து ஒரு மாதம் தண்ணீரைப் பார்த்த பிறகு கொட்டேஷனைத் திரும்ப எடுப்பதாகப் பேச்சு.